மூன்று சொட்டு

விரலில் தொட்ட எண்ணெயை மெக்கானிக் எசென்கான் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்ப்பார். கடைசியில், யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், நாக்கு நுனியில் வைப்பார். மலையூரான கொச்கோரின் சந்தை முழுக்கக் கவனித்துக்கொண்டுதான் இருக்கும். "கியர்பெட்டி எண்ணெய். எஞ்சின்ல இருந்து வரல" என்று துப்பிவிட்டுச் சொல்வார்.

"காலையில ரொட்டிக்கும் அதையே தடவிக்கயேன், ஜாம் மிச்சமாகும்" என்பாள் பக்கத்துத் தேநீர்க்கடை பூருல்.

அவரிடம் வருபவை எல்லாம் சோவியத் காலத்துப் பக்கப்பெட்டி மோட்டார் சைக்கிள்கள். ஆடு, புல்கட்டு, மணப்பெண் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் பயணம் செய்யும். கதவு கழன்ற இரும்புக் கொள்கலன் ஒன்றுதான் பட்டறை. வண்டிக்கு அடியில் படுக்க ஒரு பழைய கம்பளித் துண்டு. தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி. அது வெள்ளையாக இருந்ததைப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு.

சொட்டுகிற இடத்தை அவர் நம்பமாட்டார். எங்கேயோ கசிந்த எண்ணெயைக் காற்று பின்னால் தள்ளிக்கொண்டு போய் வேறெங்கோ சொட்டவைக்கும். அதனால் எஞ்சினைப் பெட்ரோலால் கழுவி, வெயிலில் உலர்த்தி, வெள்ளைப் பொடி தூவி, "நெட்டிலிங்க வரிசை வரைக்கும் போயிட்டு வாங்க" என்று அனுப்புவார். திரும்பி வந்ததும் வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று குனிந்து தேடுவார். ஆரம்பத்தில் ஒருமுறை கோதுமை மாவைத் தூவிவிட்டார். "சாப்பிடுற மாவை இரும்புக்குக் கொட்டுறியே, கை விளங்குமா?" என்று பூருல் போட்ட சத்தத்தில் சந்தையே கூடிவிட்டது. அதிலிருந்து பள்ளிக்கூடச் சாக்குக்கட்டிதான். வாத்தியார்கள் தேய்ந்த துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தேநீர்க்கடை வாசல் மண்ணைப் பார்த்தே யார் வந்துபோனார்கள் என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு கறை. வியாழன் மாலை வரைக்கும்தான் அந்தக் கறைகளுக்கு ஆயுசு. வியாழன்தோறும் பூருல் இறந்தவர்களுக்காக எண்ணெயில் மாவுத்துண்டுகள் பொரிப்பாள். மணம் அவர்களைப் போய்ச் சேரும். பொரித்து முடிந்ததும் அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து கறைகள்மேல் கொட்டிப் பெருக்கிவிடுவாள்.

இந்த வசந்தத்தில் ஒரு புதன்கிழமை, போல்ட் வாங்கப் போய்த் திரும்பிய எசென்கான் தேநீர்க்கடை வாசலில் நின்றுவிட்டார். மண்ணில் ஈரமாக மூன்று சொட்டு. நடுவில் இருப்பது பெரிது. சிநேகிதன் தோக்தோசுன் வந்திருக்கிறான்! இரண்டு கிண்ணம் தேநீர் என்று பூருலுக்கு விரலை நீட்டியும் விட்டார். தோக்தோசுன் போன இலையுதிர் காலத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீட்டிய விரல்கள் இரண்டும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

"என்ன கொழுந்தனாரே, பேயைக் கண்ட மாதிரி நிக்கறே?" வண்டியை உள்ளே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குள்ளிருந்து உம்சுனாய் வந்தாள். தோக்தோசுனின் மனைவி. சிநேகிதன் நான்கு வயது மூத்தவன் என்பதால் அவள் இவருக்கு அண்ணி.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க, அண்ணி?"

"பின்னே, நாய்க்குட்டி மாதிரி அதுவா என் பின்னால வந்துச்சா?"

சிரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். நகரத்திலிருக்கும் மகன் வண்டியை விற்கப் பேசி முடித்துவிட்டான். வெள்ளிக்கிழமை ஆள் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். "கணவாய் ஏறுறதுக்குள்ள பாதி எண்ணெய் ரோட்டுல போயிடுதாம். ஒரு சொட்டு ஒழுகாம ஏறி இறங்கிட்டா விக்கலேன்னு சொல்லியிருக்கான். அடுத்த வாரம் மந்தை மேய்ச்சல் மலைக்குப் போகுது. இதுல ஏறித்தான் நான் போவேன். அவன் கார்ல பின்சீட்டுல மூட்டை மாதிரி கிடக்கமாட்டேன்."

எசென்கான் வண்டியைச் சுற்றிவந்தார். இதன் பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை அவரே மூன்று முறை மாற்றியிருக்கிறார். மூன்று முறையும் சில மாதங்களில் அதே சொட்டு, அதே இடம். "விடுறா, என் வண்டி வந்துச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா?" என்று தோக்தோசுன் தேநீரை உறிஞ்சுவான். அவனும் இவருமாக இருபதுகளில் இதே வண்டியில் ஏரிக்கரைக்குப் போனதும், ஒரே தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பனியில் திரும்பியதும் எஞ்சினைக் கழுவும்போது ஞாபகம் வந்தன.

கழுவி, உலர்த்தி, பொடி தூவினார். உம்சுனாய் நெட்டிலிங்க வரிசை வரை போய் வந்தாள். குனிந்து பார்த்தார். பின்னால் ஒரு கோடு. அடித்தட்டு கேஸ்கட் ஓரம் ஒன்று. இரண்டு சிலிண்டர்களின் அடியிலும் ஒவ்வொன்று. முன்பெல்லாம் பின்னால் மட்டும்தான் பார்த்திருந்தார். சீல் என்று முடிவுகட்டி, மாற்றி அனுப்பியிருந்தார். சாக்குப்பொடி தூவாமல் விட்ட ஒரே வண்டி சிநேகிதனுடையதுதான்.

"நாலு பக்கமும் ஒழுகுதுன்னா கோளாறு வெளிய இல்ல அண்ணி. இதுக்கு மூச்சு முட்டுது."

எஞ்சினுக்குள் சேரும் அழுத்தம் வெளியேற ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் எண்ணெய் கிடைத்த இடுக்கிலெல்லாம் பிதுங்கும். அதற்குள் கம்பியை விட்டார். நான்கு விரற்கடை போனதும் முட்டியது. நுனியை வளைத்துக் கொக்கியாக்கி இழுத்தார். கட்டைவிரல் அளவில் கறுப்பாக ஏதோ வந்து விழுந்தது. தூசியும் எண்ணெயும் ஊறித் தக்கை மாதிரி இறுகியிருந்தது. பெட்ரோலில் போட்டுக் கசக்கினார். சிவப்புக் கம்பளி. ஓரத்தில் நீலநூல் தையல்.

உம்சுனாய் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"என் விரிப்பு. நான் தைச்சது. ஒரு மூலையைக் காணோம்னு எலிமேல பழியைப் போட்டேன்."

பக்கப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் மீதியைச் சொன்னாள். அந்தக் குழாயின் வாய் பெட்டியைப் பார்த்துத்தான் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்பு தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகும்போது எண்ணெய்ப்புகை அடித்து வெள்ளைத் தலைத்துணியெல்லாம் பொட்டுப் பொட்டாகக் கறை. "இனி உன் வண்டியில ஏறினா என் பேரை மாத்திக்கறேன்னு கத்தினேன். மறுநாளே வந்து, 'சரி பண்ணிட்டேன், ஏறு'ன்னாரு. என்ன பண்ணினேன்னு சொல்லவே இல்ல."

"மூணு சீல் மாத்தினேன். மூணு தடவையும் பக்கத்துல உக்காந்து தேநீர் குடிச்சான். வாயைத் திறந்தானா பாருங்க!"

"திறந்திருந்தா நீ எடுத்துப் போட்டிருப்பே. புகை மறுபடி என் மேலதான்."

எசென்கான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் புது சீல், புது கேஸ்கட் எல்லாம் ஏறின. மூச்சுக்குழாயின் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, புகை பெட்டிமேல் படாமல் பின்பக்கம் போகும்படி திருப்பிவிட்டார். உம்சுனாய் தனியாகவே கணவாய் ஏறி இறங்கி வந்தாள். எஞ்சினில் தூவிய வெள்ளை, தூவியபடி இருந்தது. அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டாள். "லாரிக்காரனை வேற வேலை பாக்கச் சொல்லு. உங்கப்பா வண்டி மலைக்குப் போகுது." சிவப்புக் கம்பளித் துண்டை மடித்து உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "வரேன் கொழுந்தனாரே, அந்தத் தொப்பியைத் துவைக்கக் குடு ஒருநாள்" என்று கிளம்பினாள்.

வண்டி நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தார். காய்ந்த மண்.

பூருல் கடையிலிருந்து பொரிக்கும் மணம் வந்தது. வியாழன். கொஞ்ச நேரத்தில் அவள் சாம்பல் வாளியோடு வெளியே வந்து, சுவரோரத்திலிருந்து ஒவ்வொரு கறையாக மூடிக்கொண்டே வந்தாள். நேற்றைய மூன்று சொட்டுக்கு அருகில் வந்தபோது, எசென்கான் தன் முக்காலியைத் தூக்கிவந்து அதன்மேல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எந்திரி, மனுசா. சாம்பல் போடணும்."

"தேநீர் குடு முதல்ல" என்று இரண்டு விரலை நீட்டினார்.