உள்ளிருந்து திறக்காத கதவு

எங்கள் வீட்டில் என் பெயரில் இருந்தது ஒரே ஒரு பொருள்தான். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் மனைவி பெயரில். ரேஷன் கார்டு, கேஸ் சிலிண்டர், டெலிபோன் எல்லாம் அவள் பெயரில். வாசலில் தொங்கிய பலகையிலும் அவள் பெயர்தான். தபால்காரர் என்னைப் பார்த்ததும் "மேடம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

அவள் மத்திய சர்க்கார் ஆபீசில் கிளார்க். நான் வேறொரு ஆபீஸ் கேன்டீனில் தோசை ஊற்றுகிறவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துவரவில்லை. யார் யாரை விட்டுப் போனது என்பதில் மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது. இப்படிப்பட்டவனுக்கு அவளை எப்படிக் கொடுத்தார்கள் என்றால், நான் அத்தை மகன். முறை மார்க் ஷீட் கேட்காது. அவள் என்னைவிட உயரம் வேறு. கல்யாண போட்டோவில் என்னை ஒரு பலகை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பலகை தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று போட்டோக்காரர் சத்தியம் செய்தார். தெரிகிறது.

என் பெயரில் இருந்த அந்த ஒரே பொருள், ஒரு பழைய சின்ன வேன்.

மாற்றலாகிப் போன ஒரு ஆபீசர், போகிற அவசரத்தில் என் தலையில் கட்டிவிட்டுப் போனது அது. வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்தது. நானும் மரியாதைக்கு வெள்ளை என்றே சொல்லிவந்தேன். இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். டெல்லி ஜூன் மாதத்தில் அதில் உட்கார்ந்து ஓட்டினால், கேன்டீனில் கல்லுக்கு முன்னால் நிற்பதும் வேனில் போவதும் ஒன்றுதான். கல்லில் முன்பக்கம் வேகும், வேனில் பின்பக்கம் வேகும். அதனால் அவள் எனக்குப் பக்கத்தில் உட்காரவே மாட்டாள். பின் சீட்டில், தள்ளித் திறக்கிற கதவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய ஆபீசர் மாதிரி உட்காருவாள்.

அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. உள்கைப்பிடியை இழுத்தால் அது பாட்டுக்கு வரும், போகும். வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். நான் இறங்கி, வண்டியின் மூக்கைச் சுற்றி வந்து, கதவைத் தள்ளி, "இறங்கலாம் மேடம்" என்பேன். வெளியாட்கள் முன்னால் என்னை "ஏங்க" என்று கூப்பிடுகிறவள், கதவு திறக்கிற அந்த நேரத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "ரொம்ப ஆடாத மச்சான்" என்பாள்.

சிலர் ஓட்டுவதற்காக வண்டி வாங்குகிறார்கள். நான் கழற்றுவதற்காக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குவார்ட்டர்ஸ் பின்னால் வேப்பமரத்தடியில் நான் வேனுக்கு அடியில் இருப்பேன். வெளியே என் இரண்டு கால் மட்டும் தெரியும். கழற்றியதை எல்லாம் மாட்டி முடித்தபின் எப்போதும் நாலைந்து ஸ்குரூ மிச்சம் இருக்கும். அதை அவள் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மிச்சம் விழுந்ததுலயே இன்னொரு வேன் செஞ்சிரலாம்," என்பாள்.

"அது உம் பேருல வாங்கிக்க."

"எதுக்கு? ரெண்டு பேரும் நடுரோட்டுல நிக்கவா?"

முதல் ஆயுத பூஜை இன்றைக்கும் நினைவிருக்கிறது. வேனைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கிடைக்காமல் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கின வாழை இலையையே முன்னால் கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவளையும் மகளையும் பின்னால் ஏற்றிக் கதவைச் சாத்தி, பிள்ளையாரை நினைத்துச் சாவியைத் திருகினேன். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. திரும்பத் திரும்ப முறுக்கினேன். எலுமிச்சம்பழம் நாலும் அப்படியே குண்டாக இருந்தன.

"மச்சான், அது நசுங்குறதுக்குள்ள ஊறுகாய் ஆயிரும் போலயே," என்றாள் பின்னாலிருந்து.

பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். கீழ்வீட்டுச் சர்தார்ஜி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "சலோ அண்ணா, தக்கா லகாதே ஹைன்," என்று பின்னால் கை வைத்தார். மேல்வீட்டு வங்காளி, எதிர்வீட்டு மலையாளி டீச்சர், பால்காரப் பையா (டெல்லியில் ஊர்பேர் தெரியாத ஆண்பிள்ளை எல்லாரும் பையா, அதாவது அண்ணன்) எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு உள்ளிருந்து திறக்காததால் அவளுக்கு இறங்கவும் வழியில்லை. தேரில் வைத்த உற்சவர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிளாக்கை ஒரு சுற்று சுற்றினபின் வண்டிக்கு உயிர் வந்தது. தள்ளினவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தோம். அடுத்த வருஷத்திலிருந்து ஆயுத பூஜை அன்று காலையிலேயே சர்தார்ஜி வந்து, "தள்ளறது எத்தனை மணிக்கு?" என்று ஹிந்தியில் விசாரித்துவிட்டுப் போவார். வண்டி நன்றாக ஓடிய வருஷத்தில்கூடத் தள்ளித்தான் கிளப்பினோம். சுண்டல் கேட்டு நின்றவர்களை ஏமாற்ற முடியுமா?

அந்தக் கதவை நான் சரிசெய்யப் பார்க்காமல் இல்லை. உள்பலகையைக் கழற்றிப் பார்த்ததில், கைப்பிடியையும் பூட்டையும் சேர்க்கிற கம்பி அந்தரத்தில் தொங்கியது. அதைப் பிடித்துக்கொள்ள விரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் கிளிப் வேண்டும். காஷ்மீரி கேட் கடைகளில் அலைந்து ஒன்று வாங்கினேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் அவளை அழைத்துவர ஆபீசுக்குப் போனேன்.

வழக்கம்போல ஏற்றிக் கதவைச் சாத்தினேன். அவளுடைய மேலதிகாரி அம்மாள் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருந்தாள். புருஷனும் பெரிய ஆபீசர், சர்க்கார் கார், எல்லாம் உண்டு. அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் குனிந்து, என் மனைவியிடம் ஹிந்தியில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு கதவு தெறந்ததில்ல. நீ குடுத்து வெச்சவ."

நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். தோசைக்காரனைக் கட்டிக்கொண்டதற்கு அதுவரை அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அத்தனை நாள் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள்தான் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் கிளிப்பை எடுத்து, வேன் டேஷ்போர்டில் இருந்த விபூதி டப்பாவுக்குள் அடியில் புதைத்துவிட்டேன்.

"கதவு என்னாச்சு?" என்றாள் அந்த ஞாயிற்றுக்கிழமை.

"அந்த சாமான் கம்பெனியிலயே நிறுத்திட்டாங்களாம் புள்ள."

"அப்ப சரி," என்றாள்.

அவ்வளவுதான். பிறகு கார்பரேட்டரை மாற்றினேன், சைலன்சரை மாற்றினேன், தரையில் ஓட்டை விழுந்து ரோடு தெரிந்தபோது தகரம் வைத்து அடைத்தேன். எந்த மெக்கானிக் கையில் வண்டியைக் கொடுத்தாலும் ஒரே ஒரு நிபந்தனை: பின் கதவைத் தொடக்கூடாது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கப் போனாலும், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனாலும், மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாலும், நான் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். வெயில், பனி, மழை எதிலும் விட்டதில்லை. எனக்குத் தெரிந்து நான் ஒழுங்காகச் செய்த ஒரே உத்தியோகம் அது.

அவளுக்கு உடம்புக்கு வந்ததைப் பற்றி நீளமாக எழுத எனக்குத் தெரியாது. எழுதினாலும் நடுவில் ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன். ஒரு குளிர்காலத்தில் சோறு இறங்கவில்லை என்றாள். அடுத்த குளிர்காலம் அவள் பார்க்கவில்லை. நடுவில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வேன் போய்க்கொண்டே இருந்தது. அந்த நாளில் அந்த ஓட்டை வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதற்காக அதைக் கும்பிடலாமா, இல்லை இவ்வளவு ஓடத் தெரிந்தும் முன்னெல்லாம் ஏமாற்றியதற்கு உதைக்கலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கடைசித் தடவை போனபோது பின் சீட்டில் சாய்ந்து படுத்திருந்தாள். எமர்ஜென்சி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலி எடுத்துவர உள்ளே ஓடினேன். ஜல்தி ஜல்தி என்று நான் கத்தினதில் அங்கே ஒருவரும் அசரவில்லை. ஒரு வழியாக ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், வேன் கதவு திறந்திருந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, காலைப் படியில் தொங்கப்போட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"யாரு புள்ள தெறந்தா?"

"யாரோ ஒரு பையா தெறந்து விட்டாரு, மச்சான்."

அந்தப் பையா யாரோ, நல்லா இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது பின் சீட்டில் அவளுடைய கைப்பை மட்டும் இருந்தது. அதற்கும் சுற்றி வந்து கதவைத் திறந்தேன். பழக்கம்.

குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் என்று சொன்னேன் அல்லவா. பெயர்க்காரி போனபின் பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. மகள் அதற்குள் ஏர்போர்ட்டில் வேலைக்குச் சேர்ந்து, துவாரகாவில் சொசைட்டி ஃபிளாட் வாடகைக்கு எடுத்திருந்தாள். நானும் ஊறுகாய் பாட்டிலும் வேனும் அங்கே போனோம். புது ஊர் மாதிரி ஒரே மாதிரி கட்டிடங்கள். வேப்பமரம் இல்லை. கார் நிறுத்துகிற கட்டத்துக்குள், பளபளப்பான வண்டிகளுக்கு நடுவே, என் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சொசைட்டி செக்ரட்டரி, "அங்கிள், இத கபாடிக்கு, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருங்க," என்பார். "என்னையும் சேத்து எடுத்துக்குவானான்னு கேட்டு சொல்லுங்க," என்பேன். அவர் சிரித்துவிட்டுப் போவார். நான் வேலையைப் பார்ப்பேன்.

உண்மையில் பார்க்க வேலை ஒன்றும் இருக்காது. பின் சீட்டைத் துடைப்பேன். அந்தக் கதவைத் திறப்பேன், சாத்துவேன். அது உள்ளிருந்து திறக்காமல் இருக்கிற வரைக்கும், நான் போய்த் திறந்துவிட வேண்டிய ஆள் ஒருத்தி உள்ளே இருக்கிற மாதிரி ஒரு கணக்கு எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான். பெரிய அறிவாளி என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். மகள் கீழே வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"டாடி, சர்ப்ரைஸ். ஜல்தி உள்ள ஏறி உக்காருங்க. பின்னாடி."

ஏறினேன். கதவைச் சாத்தினாள். "இப்ப உள்ளேர்ந்து ஹேண்டில் இழுங்க," என்றாள்.

இழுத்தேன். கதவு திறந்துகொண்டது.

"அச்சா இருக்கா? மெக்கானிக் பையா வந்து பத்து நிமிஷத்துல பண்ணிட்டாரு. உங்களுக்கு முட்டி வலி, எத்தன வாட்டி சுத்தி சுத்தி வருவீங்க? கிளிப் எங்க இருந்துச்சு தெரியுமா? விபூதி டப்பாவுக்குள்ள. தொடைக்கலாம்னு கொட்டுனேன், விழுந்துச்சு."

கதவைச் சாத்திவிட்டு மறுபடி இழுத்தேன், மறுபடியும் திறந்தது. என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

"டாடி, க்யா ஹுவா? தப்பா பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. அம்மா இருக்கப்ப இந்தக் கதவ நாந்தான் தெறந்து விடுவேன். அதான்."

அவள் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லவா? அம்மாவுக்கு இதத் தெறக்கத் தெரியும்."

"எப்புடித் தெரியும்? உள்ளேர்ந்து தெறக்காதே."

"கண்ணாடியத் தள்ளிட்டு, கைய வெளிய விட்டு, வெளி ஹேண்டில இழுக்கும். நான் குட்டியா இருக்கப்ப ஒரு வாட்டி பாத்ரூம் வருதுன்னு அழுதேன். நீங்க டயர் கடைக்குள்ள போயிருந்தீங்க. அப்ப அம்மா தெறந்துச்சு. அப்புறம் நெறைய வாட்டி. டாடிகிட்ட சொல்லாதன்னு சொல்லுச்சு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் டூட்டி, அதையும் புடுங்க வேணாம்னு சொல்லுச்சு."

அவள் சொல்லிவிட்டு டீ போட மேலே போனாள். நான் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு அவள் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த விபூதி டப்பாவை வெள்ளிக்கிழமை தவறாமல் கொட்டி, துடைத்து, புது விபூதி நிரப்பினவள் என் மனைவிதான். கிளிப்பைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பார்த்துவிட்டுத் திரும்ப அடியிலேயே வைத்திருக்கிறாள், வாரா வாரம். எமர்ஜென்சி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. படுத்திருந்தவள் எழுந்து, கண்ணாடியைத் தள்ளி, கையை நீட்டித் திறந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் என்னிடம் ஒரு பொய் சொல்ல அவளுக்கு மூச்சு மிச்சம் இருந்திருக்கிறது.

நானும் கண்ணாடியைத் தள்ளி, கையை வெளியே விட்டுப் பார்த்தேன். தோள்வரைக்கும் விட்டும் விரல் கைப்பிடியைத் தொடவில்லை. அவள் என்னைவிட உயரம். இந்தத் தடவை ஏறி நிற்கப் பலகையும் இல்லை.

முட்டிக்குப் பக்கத்தில் உள்கைப்பிடி தயாராக இருந்தது. இழுத்தால் திறக்கும். அதை இழுக்க எனக்குக் கை வரவில்லை. ஜன்னலில் கையைத் தொங்கப்போட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரவுண்டு வந்த சொசைட்டி வாட்ச்மேன் பார்த்துவிட்டு நின்றார்.

"க்யா ஹுவா அங்கிள்? தர்வாஜா நஹி குல் ரஹா?"

கதவு திறக்கவில்லையா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெளியிலிருந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன்.

மேலே மகள் டீயை நீட்டிக்கொண்டே கேட்டாள். "ஹேண்டில் ஸ்மூத்தா இருக்கா டாடி? ஈசியா தெறந்துச்சா?"

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"யாரோ ஒரு பையா தெறந்து விட்டாரும்மா."