இடுப்பைக் கடைசியில் தூக்கு

காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று எங்கள் தொழிற்சாலை முதலாளியுடையது. மற்றது அவருடைய மகனுடையது. படங்களில் அளவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் அந்தக் காகிதக் கட்டை என் மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள். பதினான்கு படங்களும் நான் வரைந்தவை. படத்தில் இருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை யோசித்துச் செய்தவளும் நான்தான். கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். என் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு இது முதல் தடவை அல்ல.

இந்தத் தொழிற்சாலைக்கு வருமுன் பதினைந்து ஆண்டுகள் சில்லுகள் செய்யும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். சிலிக்கானை நகத்தின் கனத்துக்கு வட்டமாகச் சீவி, அதன்மேல்தான் சில்லுகளை உருவாக்குவார்கள். அந்த வட்டத்துக்கு வேஃபர் என்று பெயர். அதன் முகத்தில் விரல் பட்டால் போயிற்று. தூசு விழுந்தாலும் போயிற்று. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் இயந்திரக் கையை வடிவமைப்பது என் வேலை. வேஃபர் படுத்திருக்கும் மேடையிலிருந்து மூன்று ஊசிகள் எழும்பி அதைத் தூக்கும். அடியில் கிடைக்கும் இடைவெளியில் கை நுழையும். ஊசிகள் இறங்கும். வேஃபர் கைக்கு வந்துவிடும். யாரும் எதையும் பிடித்து இழுப்பதில்லை.

முகத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் தாங்கும் கை ஒன்றை அங்கே நான் செய்தேன். அது பிரிவுத் தலைவரின் பெயரில் போனது. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மகள் கைக்குழந்தை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து என் குறிப்பேட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். டெல்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் அதற்கு உதவியது. தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கிறுக்கல்.

பிறகு என் பிரிவையே மூடிவிட்டார்கள். மாயாபுரியில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஜனக்புரியில் எங்கள் வீட்டிலிருந்து பக்கம். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு ஏறும், கால்மாடு இறங்கும். அந்த மாதிரிக் கட்டில்கள். வேஃபர் பார்த்த கண்ணுக்கு அது பெரிய வேலையாகவே தெரியவில்லை. திருகு இறுக்கமாக இருக்கிறதா, துரு பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மூன்று வருடங்கள் ஓட்டினேன்.

என் கணவருக்கு விபத்து நடந்தது அப்போதுதான். அவர் மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். விருதுநகர்க்காரர். பல்லைப் பிடுங்கும்போதுகூட முகம் சுளிக்காத மனிதர். மெட்ரோ நிலையத்துக்கு வெளியே ஓர் இ-ரிக்‌ஷா அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க அவரைக் கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டும். நான்கு ஊழியர்கள் வந்தார்கள். படுக்கை விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்தார்கள். "ஏக், தோ, தீன்" என்றார்கள். இழுத்தார்கள். என் கணவர் அலறினார். இருபது வருடத்தில் நான் கேட்டிராத குரல். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படம் எடுத்துவிட்டுத் திரும்பி வந்ததும் மறுபடி ஏக், தோ, தீன். மறுபடி அலறல்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னத் தகடு. எங்கள் தொழிற்சாலையின் முத்திரை. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்த நான்கு பேரை என்ன சொல்ல? வேறு வழி நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கவில்லையே. உயிரில்லாத வட்டத்தை ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கீறல் விழாமல் மாற்றிவைக்கத் தெரிகிறது. எலும்பு முறிந்த மனிதரை மூட்டை மாதிரி இழுக்கிறோம்.

அறுவை சிகிச்சை முடிந்து அவர் தேறியதும் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் எல்லாருக்கும் சமோசா வரவழைப்பார். என் யோசனையைக் கேட்டுச் சிரித்துவிட்டு இந்தியில் சொன்னார்.

"மேடம்ஜி, தூக்குறதுக்கு நாலு ஆள் இருக்கான். மிஷின் எதுக்கு?"

"அந்த நாலு ஆளு உங்களை ஒரு தடவை தூக்கட்டும் சார். அப்புறம் பேசலாம்."

"அச்சா, அச்சா. பண்ணுங்க. வேலை கெடக் கூடாது."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைத்த நேரத்தில் செய்தேன். கட்டிலின் படுக்கைப் பரப்பைக் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் தனி மெத்தை. ஸ்ட்ரெச்சருக்கு விரல் மாதிரி நீண்ட கம்பிகள், அவற்றின்மேலும் மெத்தை. ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டில் தள்ளினால் அந்த விரல்கள் பட்டைகளுக்கு நடுவே நுழையும், சீப்புக்குள் சீப்பு நுழைவதுபோல. பிறகு மேலே எழும்பும். நோயாளி விரல்கள்மேல் இருப்பார்; அப்படியே ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்துவிடலாம். ஒருவரும் அவரைத் தொட வேண்டியதில்லை.

எடை வைத்துப் பார்க்க மணல் மூட்டை கொடுத்தார்கள். மணல் கல் மாதிரி உட்கார்ந்தது; மனித உடம்பு அப்படி உட்காராது. ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய்ப் பொன்னி அரிசி மூன்று மூட்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அரிசி மூட்டைக்குத் தொப்பை உண்டு, சரிவு உண்டு. மூட்டைகள் அழகாக இடம் மாறின. தொழிற்சாலையில் கை தட்டினார்கள். அடுத்து நானே ஏறிப் படுத்தேன். விரல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பியபோது முழு எடையும் இடுப்பில் வந்து இறங்கியது. நல்ல இடுப்புக்கே வலித்தது.

அதில்தான் ஐந்து வாரம் போனது. வேஃபர் வேலையில் நான் படித்த முதல் பாடம், மூன்று ஊசிகளும் அதை ஒரே கணத்தில் தொட வேண்டும் என்பது. ஒன்று முந்தினால் வேஃபர் விரிசல் விடும். அந்தப் பாடத்தையே கட்டிலிலும் வைத்திருந்தேன். மனித உடம்புக்கு அது தப்பு. முதலில் தோளுக்கும் தொடைக்கும் நேரே உள்ள விரல்கள் எழும்ப வேண்டும். எடையை அவை வாங்கிக்கொண்ட பிறகே இடுப்புக்கு நேரே உள்ள மூன்றும் மெதுவாக வந்து தொட வேண்டும். இது பிடிபட்ட அன்று குறிப்பேட்டில் ஒரே வரி எழுதினேன்: "இடுப்பைக் கடைசியில் தூக்கு."

என் கணவர் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தார். உட்கார்ந்தாலும் எழுந்தாலும் வலி இருந்தது. ஒரு சனிக்கிழமை அவரைத் தொழிற்சாலைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆரம்பிக்கப் போறேன்னா முன்னாடியே சொல்லிரு" என்றார்.

நான் பொத்தானை அழுத்தி, விரல்கள் எழும்பியதும் ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "என்ன, ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சிருச்சுங்க. நீங்க இப்ப ஸ்ட்ரெச்சர்ல இருக்கீங்க."

அவர் கண்ணைத் திறந்து கட்டிலைப் பார்த்தார். அது ஓர் எட்டு தள்ளி வெறுமையாக இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கட்டிலுக்குத்தான் விண்ணப்பம். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். மகனும் அங்கே இருந்தான். வெளிநாட்டில் நிர்வாகம் படித்துவிட்டு அந்த வருடம்தான் வந்திருந்தான்.

"சார், இதுல என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை மேடம்ஜி. கம்பெனி வேலை, கம்பெனி பேரு. எல்லா இடத்திலயும் அப்படித்தான்."

"உரிமை கம்பெனிக்குத்தான். அதை நான் கேக்கவே இல்லை. செஞ்சது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல செஞ்சவங்க பேர்தான் வரணும்."

"ஆண்டு விழாவுல உங்களுக்கு ஷீல்டு கொடுக்கலாம்னு இருக்கோம்" என்றான் மகன்.

"ஷீல்டை நீங்க வெச்சுக்குங்க. கட்டத்தை எனக்குக் கொடுங்க."

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதத்தை நீட்டினார்கள். சொன்னபடி படம் வரைந்து கொடுத்தது மட்டுமே என் பங்கு என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை போனபோது என் மேஜை அங்கே இல்லை. கட்டிலுக்குப் போடும் சக்கரங்களைச் சரிபார்க்கும் கொட்டகையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். நானாகவே போய்விடுவேன் என்று நினைத்தார்கள். நான் தினமும் ஒன்பது மணிக்கு முன்னால் போனேன். ஒவ்வொரு சக்கரத்தையும் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தேன். முதல் வாரமே வந்த சரக்கில் பாதியைத் திருப்பி அனுப்பினேன். அத்தனையும் கோணல்.

வீட்டில் என் கணவர் பயந்தார். சர்க்கார் உத்தியோகம் பார்த்த பயம்.

"விட்ரு. பேர்ல என்ன இருக்கு? பெரிய ஆளுங்க கூட நமக்கு எதுக்கு வம்பு?"

"அன்னைக்கு நீங்க அலறுனது யார் காதுல விழுந்துச்சு? அவங்க காதுலயா?"



காப்புரிமை அலுவலகத்துக்கு மனுப் போட வேண்டும். ஆதாரம் என்று என்னிடம் இருந்தது குறிப்பேடு மட்டும்தான். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். டெல்லியில் பிறந்த பிள்ளை. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் ஒவ்வொரு பக்கமாக வாசித்துச் சொல்ல, அவள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தாள்.

"அம்மா, பட்டைன்னா? ஸ்ட்ரிப்பா?"

"ஆமா."

"தூக்குன்னா லிஃப்ட். 'இடுப்பைக் கடைசியில் தூக்கு'. பஸ், இத்னா ஹீ? இவ்ளோதான் எழுதியிருக்கே?"

"அவ்ளோதான். அதுக்கு அஞ்சு வாரம் ஆச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள்.

விசாரணை அன்று முதலாளியும் மகனும் வக்கீலோடு வந்தார்கள். நான் தனியாகப் போனேன். குறிப்பேட்டைப் பார்த்த வக்கீல், யாராலும் படிக்க முடியாத கையெழுத்தை எப்படி ஆதாரமாக எடுத்துக்கொள்வது என்று கேட்டார். கோடிக்கணக்கான பேர் படிக்கும் எழுத்து ஐயா, உங்களுக்குத் தெரியாதது என் குற்றமில்லை என்றேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. வக்கீலைக் கையமர்த்திவிட்டு, படத்தை மகன் பக்கம் திருப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நடுவில் இருக்கும் இந்த மூன்று விரல்களும் ஏன் தாமதமாக எழும்புகின்றன?"

மகன் அப்பாவைப் பார்த்தான். அப்பா வக்கீலைப் பார்த்தார். "மோட்டாருக்குச் சுமை குறையும்" என்றான் மகன்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மோட்டாருக்கு அதனால் சுமை கூடத்தான் செய்யும் என்றேன். பிறகு தோளையும் தொடையையும் சொன்னேன், அரிசி மூட்டையைச் சொன்னேன், என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதைச் சொன்னேன். குறிப்பேட்டில் அது எங்கே இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள் என்றார். மகளின் மொழிபெயர்ப்பு அவர் மேஜையில் இருந்தது; நான் அதை எடுக்கவில்லை. தமிழிலேயே, உரக்க வாசித்தேன்.  

சில மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். சில்லு ஆலைகள் பற்றி இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். நொய்டாவில் வேஃபர் கையாளும் இயந்திரம் செய்ய ஒரு புதுக் குழு கூடியிருந்தது. எல்லாரும் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். நேர்காணலில், எங்களைக் கேட்க ஏதாவது இருக்கிறதா மேடம் என்றார்கள். கண்டுபிடித்தவர் பெயரை நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். செய்தவர் பெயரைத்தான் எழுதுவோம் என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். அடுத்த நாளே சேர்ந்துவிட்டேன்.

உத்தரவு வந்த அன்று என் கணவர் கேசரி வாங்கி வந்தார். இப்போது வாக்கர் இல்லை. லேசாக இழுத்துத்தான் நடக்கிறார். உத்தரவை மூக்குக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். நான் சாப்பாட்டு மேஜையில் அடுத்த மனுவை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அதான் உன் பேரு வந்துருச்சே. இன்னும் என்ன எழுதுற?"

"வந்துச்சு. மூணாவதா வந்துச்சு. மேல இருக்கிற ரெண்டு பேரும் என்னத்தக் கண்டுபிடிச்சாங்கன்னு கேட்டு எழுதுறேன்."

அவர் கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "சரி, சாப்பிட்டுட்டு எழுது" என்றார்.

அந்த மனுவுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை. கொடுக்கட்டும், போவேன்.