குருவி பறக்காத படம்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பேண்டேஜ் சுருள் தானாக எழுந்து நின்றதை முதலில் பார்த்தது நான்தான். தொண்ணூறுகளின் நடுவில், இராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் அது நடந்தது. என் அண்ணன் மனைவி அங்கே கணக்கு எழுதினாள். நான் பேக்கிங் பிரிவு. இருவருக்கும் ஒரே வயது என்பதால், மதினி என்று கூப்பிட்டாலும் வா, போ தான். "ஏட்டி, நடக்குதா பாரு" என்றாள். நடக்கத்தான் செய்தது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு.

சினிமாவுக்குப் போனால், பெரிய படத்துக்கு முன்னால் போடும் குறும்படங்களுக்காகவே எங்களை அவசரப்படுத்துவாள் மதினி. அதிலும் கார்ட்டூன் படம் ஓடினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கதாநாயகன் வருவதற்குள் பாதி ஆர்வம் போய்விடும். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், படம் வரையும் புரோகிராம் உள்ள பிளாப்பி ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பொருட்காட்சியில் நம் கடையில் போட ஒரு விளம்பரப் படம் செய்யட்டுமா என்று முதலாளியிடம் கேட்டாள். நன்றாக வந்தால் இனி அவளுக்கு அந்த வேலைதான், இல்லாவிட்டால் பேசாமல் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார் அவர்.

காலொடிந்த குருவி ஒன்று கிடக்கிறது. சுருள் பெட்டியிலிருந்து இறங்கி நடந்துபோய் அதற்குக் கட்டுப் போடுகிறது. குருவி பறக்கிறது. இவ்வளவுதான் கதை. இன்று என் மகள் கைப்பேசியில் நொடியில் செய்துவிடுவாள். அன்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம். ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். முன்பாதி முடிந்ததும் அதை வீடியோ கேசட்டில் ஏற்றிவிட்டோம்.

பின்பாதியில்தான் வினை வந்தது. எங்கள் கம்பெனியில் எந்நேரமும் பஞ்சுத் தூசி பறக்கும். தண்ணீர்ப் பானை, டிபன் பாக்ஸ், சாமி படம் என்று எதைக் கண்டாலும் பேண்டேஜ் துணியால் மூடுவது எங்கள் கை தானாகச் செய்கிற வேலை. பொருட்காட்சிக்கு முந்தின நாள், பின்பாதியும் வரைந்து முடித்து, கேசட்டில் ஏற்றுவதற்கு முன், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையும் மதினி நாலு மடிப்புத் துணியால் பாசமாகப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனாள். வந்து பார்த்தால், சூடு தாங்காமல் அணைந்து கிடந்தது. மறுபடி போட்டபோது, இன்னும் சேமித்து வைக்காத பின்பாதிப் படங்கள் ஒன்றுகூட இல்லை. மதினி அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கேசட்டில் இருந்த முன்பாதியைக் கொண்டுபோய்ப் பொருட்காட்சிக் கடையில் டிவியில் போட்டோம். சுருள் குருவியின் அருகில் போய் நின்றதும் திரை கறுத்தது. மம்சாபுரத்திலிருந்து வந்த அம்மா ஒருத்தர், "பொறவு என்னாச்சு? குருவி பொழச்சிச்சா இல்லியா?" என்று விடாமல் கேட்டார். மதினி ஒரு சுருளைப் பிரித்து, என் விரலைக் குருவிக் காலாக்கி, மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டே சுற்றினாள். முடிந்ததும் நான் கையைச் சிறகாக அடித்தேன். ஒரே சிரிப்பு. சாயங்காலம் வரை கூட்டம் கலையவில்லை. கொண்டுபோன சரக்கும் மிஞ்சவில்லை.

கடையை மூடும்போது முதலாளி மனம் குளிர்ந்து சொன்னார்: "நீயே இம்புட்டு அழகாக் கதை சொல்லுதியேம்மா, பொறவு கம்ப்யூட்டர்ல படம் எதுக்கு? அது கணக்கைப் பாக்கட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் மதினியைக் கொண்டாடினார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஊர் நெருங்கும்போது என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "குருவி பறக்குறதுதாம்ட்டி ரொம்ப நல்லா வந்திருந்துச்சு."