மாமாவுக்க காருல எரிஞ்ச லைட்டு

இத எழுதாண்டாம்னுதான் இருந்தேன். பரீச்சப் பேப்பருலயே ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதவன் நான். ஆனா காலம்பற கூட்டுக்காரன் ஒருத்தன் வாட்ஸாப்புல போட்டோ அனுப்பிட்டான். அவனுக்க புதுக் காருல, ஸ்டியரிங்குக்குப் பின்னால, மஞ்சளா ஒரு எஞ்சின் படம் எரியுது. "இது என்னதுல மக்கா? வண்டி நல்லாத்தான் ஓடுது, அப்பிடியே விட்டிரட்டா?"ன்னு கேக்கான். மஞ்சள் லைட்டப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கததான். அதையே அவனுக்கு எழுதிப் போட்டேன்.

அப்பம் நான் நாலாங்கிளாஸ். எங்க அம்மைக்க தம்பி, எனக்க மாமா, கல்ஃபுல தண்ணி லாரி ஓட்டிட்டு இருந்தாரு. அவரு மகளுக்குப் பேச்சு வந்த பெறவு அந்த லீவுலதான் மொதல்ல ஊருக்கு வந்தாரு. நான் 'மாமா'ன்னு கூப்பிடுதத கேட்டு அவளும் 'மாமா'ன்னே கூப்பிட்டா. பெத்த அப்பன! எனக்குச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு. மாமாவும் சிரிச்சாரு. ஆனா அன்னைக்கே மாமிகிட்ட சொல்லிட்டாரு, இனி திரும்பிப் போவல, பழைய காரு ஒண்ணு வாங்கி இங்கயே வாடகைக்கு ஓட்டப்போறேன்னு.

காரு வந்துது. சர்ச்சு பாதரு வந்து மந்திரிச்சு தீர்த்தம் தெளிச்சாரு. பானட்டு மேல, சீட்டு மேல, எனக்க தலையிலயும் ரெண்டு சொட்டு. மறுவாரமே அந்த மஞ்சள் லைட்டு எரிஞ்சுது. "தீர்த்தம் உள்ள எறங்கிட்டு போல"ன்னு நான் சொன்னதுக்கு அம்மை தொடையில நுள்ளிட்டா.

பெறவு வீட்டு முத்தத்துலயே வைத்தியம். டீசலு கலப்படம்னு பக்கத்து வீட்டுக் கொத்தனாரு சொன்னாரு. கண்ணுபட்டுட்டுன்னு அம்மை சொன்னா. மாமா பேட்டரி ஒயரக் கழத்தி மாட்டினாரு, லைட்டு அணைஞ்சுது, எல்லாரும் கைதட்டினோம். ஒரு ரவுண்டு போயிட்டு வரதுக்குள்ள திரும்ப எரிஞ்சுது. வடசேரில ஒருத்தன் மெசின மாட்டிப் பாத்துட்டு, சென்சாரு போச்சுன்னான். புதுசு போட்டும் எரிஞ்சுது. கடைசியில மாமாவே வண்டிக்கு அடியில படுத்துக் கண்டுபிடிச்சாரு. சென்சாருக்குப் போற ஒயரு முனையில பச்சையா பூத்துக் கெடக்கு. எங்க வீடு கடப்புறத்துலல்லா, உப்புக் காத்து செம்பத் தின்னுரும். பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சா லைட்டு அணையும், நாலு நாளு காத்தடிச்சா திரும்ப வரும்.

"எஞ்சினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல மக்களே. இந்த லைட்டு கள்ளம் பறையுது, சும்மா பொய்யா எரியுது"ன்னாரு மாமா.

அது மாமாவுக்குத் தெரியும். வாடகைக்கு ஏறுதவனுக்குத் தெரியுமா? அஞ்சுகிராமத்துக்குப் பெண்ணு பாக்கப் போன ஒரு கூட்டம், லைட்டப் பாத்துப் பயந்து பாதி வழியில எறங்கி வேற வண்டி புடிச்சுது. மாமா மொகம் செத்துப் போச்சு. மறுநாளு கோயில் திருவிழாக் கடையில வட்டமா ஒரு மாதா ஸ்டிக்கரு வாங்கி அந்த எடத்துல ஒட்டிட்டாரு. இப்பம் லைட்டு எரிஞ்சா, மாதாவச் சுத்தி மஞ்சளா ஒரு வெளிச்சம். ஏறுதவங்க கும்பிட்டுட்டு உக்காந்தாங்க. வாடகை நல்லா ஓடிச்சு. சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்டா மாமாவுக்க பிள்ள இப்பம் 'அப்பா'ன்னு வாசலுக்குச் சாடி ஓடும்.

ஸ்டிக்கரு கொஞ்சம் பெருசாப் போச்சு. மஞ்சளுக்குப் பக்கத்துல இருந்த செவப்பு லைட்டையும் சேத்து மறைச்சிட்டு. எஞ்சினு சூடானா எரியுத லைட்டு அது. அந்த வண்டியில சூடு பாக்க முள்ளு கெடையாது, அந்த ஒரு லைட்டுதான்.

பெரிய லீவுல எல்லாருமா திற்பரப்பு அருவிக்குக் குளிக்கப் போனோம். பின்னால அம்மையும் மாமியும் மாதா பாட்டு. முன்சீட்டுல நானும் சேந்து பாடுதேன். குலசேகரம் தாண்டினப்பம் பாத்தேன்.

"மாமா, மாதா இன்னைக்கு செவந்துட்டாவ!"

"நீ பாடுத பாட்டக் கேட்டு வெக்கப்பட்டிருப்பாவ."

மாமி எட்டிப் பாத்து சிலுவ போட்டாவ. அம்மை "அற்புதமாக்கும்"ன்னு சொல்லி இன்னும் சத்தமாப் பாடினா. "ஒண்ணும் இல்ல, அந்தக் கள்ள லைட்டுதான்"ன்னு மாமா ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சாரு.

கொஞ்ச தூரத்துல பானட்டுக்குள்ள இருந்து புசுபுசுன்னு ஆவி. ரேடியேட்டரு ஓஸு விட்டு வெள்ளம் எல்லாம் வழியிலயே ஒழுகிப் போயிருக்கு. மாமா ஓரங்கட்டி, ஸ்டிக்கர நகத்தால பைய உரிச்சாரு. மஞ்சளும் செவப்பும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல எரிஞ்சுட்டு இருந்துது. எஞ்சினு ஒரு கரகர சத்தத்தோட நின்னுட்டு. ஆரும் பாடல. நான் மட்டும், "அப்பம் அருவிக்கு நடந்தா போணும்?"னு கேட்டேன்.

எஞ்சினு வெந்து போச்சு, இனி நன்னாக்கப் பாத்தா செலவு கட்டாதுன்னுட்டான் மெக்கானிக்கு. காரு பழைய இரும்புக்குப் போச்சு. மாமா திரும்பவும் தண்ணி லாரிக்கே போனாரு. திருவனந்தபுரம் ஏர்போட்டுல நான் ஒரு ரிமோட்டு காரு கேட்டேன். "லைட்டு எரியாத காரா பாத்து வாங்குங்க மாமா"ன்னு சேத்துச் சொன்னேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். நான் மட்டுந்தான் சிரிச்சேன்.

கிறிஸ்மஸுக்கு ரிமோட்டு காரு ஆரு கையிலயோ வந்து சேந்துது. அன்னைக்கு மாமா போன் போட்டாரு, மாமி ஸ்பீக்கருல வச்சாவ. அந்தப் பிள்ள போனுக்கு மேல குனிஞ்சு, "மாமா, எப்பம் வருவிய?"ன்னு கேட்டா.

எனக்குச் சிரிப்பு தாங்கல, தரையில உருண்டேன். அந்தப் பக்கத்துல இருந்து சத்தமே இல்ல. லைன் கட்டாயிட்டுன்னு நெனச்சு நான் "ஹலோ, ஹலோ"ன்னு கத்தினேன். மாமி போன எடுத்துட்டு அடுக்களைக்குள்ள போயிட்டாவ. லைன் கட்டாகவே இல்லன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாது.

இவ்வளவையும் கூட்டுக்காரனுக்கு அனுப்பிட்டு இருந்தேன். அவன் படிச்சு முடிச்சான். பெறவு ஒரு வரி வந்துது:

"லைட்டு கெடக்கட்டு மக்கா, அந்தப் பிள்ள இப்பம் அவர என்னன்னு கூப்பிடுது?"