மேல்காற்றை எதிர்த்த விசிறி

இடைவேளை மணி அடித்து விளக்கைப் போட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தேனியில் புதிதாகக் கட்டிய சினிமாக் கொட்டகை. அத்தனை பேரும் பீடி பற்றவைத்ததில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. சுவரின் உச்சியில் வட்டமாக ஒரு துளை, அதற்குள் மின்விசிறி. புகையெல்லாம் அதை நோக்கி நகர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. பீடிப் புகையை இழுக்கிற விசிறி, அண்ணன் கடையில் துணி அவிக்கிற வெள்ளாவியின் ஆவியை இழுக்காதா? மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

சின்னமனூரில் என் அண்ணனும் மதினியும் சலவைக்கடை நடத்துகிறார்கள். மேகமலை எஸ்டேட் பங்களாக்களின் விரிப்புகள் அவர்களிடம்தான் வரும். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அண்ணன் ஒரு சலவை இயந்திரத்தை எடுத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு மரப்பீப்பாய், அதற்குள் துளை போட்ட பித்தளை உருளை, பக்கத்தில் மோட்டார். கரண்டு மட்டும் இல்லை. மதினி அதன்மேல் வடகம் காயப்போட்டிருந்தார்.

மதினிக்கு இளைப்பு நோய். வெள்ளாவி அடுப்பருகே நின்று நின்று வந்தது. மழைக்காலத்திலும் அந்த ஆவிக்குள்ளேயே நின்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதினியை மார்க்கையன்கோட்டைக்கு, அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடையை மூடிவிடலாம் என்பது அண்ணனின் முடிவு. மதினியோ, ஊரார் துணியை ஆள் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகமாட்டேன் என்றார். அடுப்போடு இயந்திரமும் ஓடினால் ஆவி இன்னும் கூடும். ஆகவே கரண்டும் காற்றுவழியும் ஒன்றாகவே வந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். இண்டர்மீடியட்டில் பௌதிகம் படித்துவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு வேறு என்ன வேலை?

தெருவுக்கு மின்கம்பி வந்தது. வயரிங்காரரும் நானும் தேக்குச் சட்டத்துக்குள் கம்பி ஓட்டினோம். எர்த்துக்காகக் கொல்லையில் குழி வெட்டி, குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் கொட்டினோம். பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, யாருக்குச் செய்வினை வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலைக்குள் அது பாதி ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வாங்கிவந்த விசிறியை எந்தச் சுவரில் வைப்பது என்பதில்தான் வழக்கு. வடக்கும் தெற்கும் அடுத்த வீட்டுச் சுவர்கள். கிழக்கே தெரு. நான் கிழக்கைக் காட்டினேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏலே, சப்பரம் வார தெரு. சாமி மூஞ்சியிலயா அழுக்குத்துணி ஆவிய ஊதுவ?”

வயரிங்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுவரில் துளை போட வந்த கொத்தனாரும் அண்ணன் பக்கம். சரி, மேற்கு. அந்தப் பக்கம் வயலும் மலையும்தான், யாருக்கும் குற்றமில்லை. விசிறியை மாட்டி ஓட்டியபோது சித்திரை மாதம், ஓர் இலை அசையவில்லை. பீப்பாய் கடகடவென்று உருண்டது. விசிறி ஆவியை அள்ளி வெளியே தள்ளியது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்பத்தான் கொழுந்தனார் மூஞ்சி தெளிவாத் தெரியுது. ஆவியே இருந்திருக்கலாம்.”

ஆனி பிறந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையிலிருந்து காற்று எப்படி இறங்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த மாதங்களில் மேற்குப் பக்கக் கதவைத் திறக்கமாட்டோம். வைக்கோல் படப்புக்குக் கயிறு கட்டுவோம். எல்லாருக்கும் தெரிந்ததுதான். சாமியை நினைத்த அவசரத்தில் காற்றை ஒருவரும் நினைக்கவில்லை. விசிறி வெளியே தள்ளிய ஆவியை மேல்காற்று அப்படியே திருப்பி உள்ளே அடித்தது. மதினி இருமிக்கொண்டே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மதினியின் பெட்டியை எடுத்துவைத்து, வண்டிக்கு ஆள் அனுப்பினார்.

நான் விசிறியையே முறைத்துக்கொண்டு நின்றேன். மதினி கிணற்றடியிலிருந்தே, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

“களத்துல நெல்லுத் தூத்துறவுக காத்தப் பாத்தா முறைக்கிறாக? அது வாரதுன்னா வரட்டும் கொழுந்தனாரே. அங்கன வந்து வேற எங்கிட்டாவது போக வழி விடுங்க.”

எனக்குச் சுரீரென்றது. மெயினை அணைத்தேன். விசிறிக்குப் போகும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றினால் அது எதிர்த்திசையில் சுற்றும். மாற்றினேன். பிறகு கூரைமேல் ஏறி, முகட்டு ஓடுகளை நீளவாக்கில் கழற்றினேன். இப்போது விசிறி மலைக்காற்றை உள்ளே இழுத்தது. ஆவி முகட்டு வழியாக நேரே வானத்துக்கு ஏறியது. அண்ணன் தெருவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே போனால் சாமிக்குக் குற்றமில்லை என்று அவரே தீர்ப்பும் சொன்னார். மதினி உள்ளே வந்து பீப்பாய் அருகே நின்றார். இருமவில்லை. வாசலில் வந்து நின்ற வண்டியில் பெட்டிக்குப் பதிலாக எஸ்டேட் விரிப்பு மூட்டைகளை ஏற்றச் சொன்னார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது புரட்டாசி. அடுத்து ஐப்பசி மழை. திறந்த முகடு மோட்டார்மேல் தண்ணீரைக் கொட்டும். மூடினால் ஆவி மதினியின் நெஞ்சில் இறங்கும். அண்ணன் மறுபடியும் மார்க்கையன்கோட்டைப் பேச்சை எடுக்க ஆரம்பித்துவிட்டார். முகட்டின்மேல் முழ உயரத்துக்குக் கால்கள் நட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, ஒரு குட்டிக் கூரை போட்டால் மழை வெளியே நிற்கும், ஆவி வெளியே போகும். முதல் காற்றிலேயே அது பறந்துவிடும் என்கிறார் ஆசாரி. கைமரங்களோடு சேர்த்துக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிடலாம் என்கிறேன் நான். தகரம் வந்து இறங்கிவிட்டது. விடிந்ததும் கூரையில் ஏறப்போகிறேன்.