கேப்டனைப் பிடிக்க வந்த வண்டி

கேப்டனைப் பிடிக்க வண்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் என் அத்தை செய்த முதல் காரியம், அதற்கு வயிறு முட்டச் சோறு போட்டதுதான். கேப்டன் அத்தை வீட்டு நாய். கப்பலில் வேலை பார்த்த மாமா லீவில் வந்தபோது வைத்த பெயர். அத்தைக்குக் கருவாட்டுத் தொழில். கடற்கரையில் பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலியைக் காயப்போடுவாள். காக்கையும் பூனையும் அண்டாமல் பார்த்துக்கொள்வது கேப்டனின் உத்தியோகம். சம்பளம் இரண்டு வேளைச் சோறு.

எங்கள் கரையில் விரித்த வலையை யாரும் தாண்ட மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தான் போவார்கள். செருப்புக் காலோடு மிதிப்பதை நினைத்தும் பார்க்க மாட்டார்கள். பார்த்துப் பார்த்துக் கேப்டனும் அதையே சட்டமாக்கிக்கொண்டது. துறைமுக வேலைக்காகப் பக்கத்து வீட்டில் குடியேறிய வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் தெரியவில்லை. குறுக்கே தாண்டினார். கேப்டன் அவரை ரோடுவரை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தது. கடிக்கவில்லை. ஆனாலும், வலையைத் தாண்டியதற்கு நாய் விரட்டியது என்று அவர் மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார்.

அங்கிருந்து வந்த ஆள் விதியைச் சொன்னார். காவல் வேலை பார்க்கும் நாய் என்றால் ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சும்மா திரிந்து ஆட்களை மிரட்டும் நாய் என்றால் வண்டியில் ஏற்றுவார்கள். மறுநாள் அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வார். அத்தை இதில் மிரட்டும் நாயைப் பற்றிய பாதியை மட்டும்தான் காதில் வாங்கினாள். குரைக்காமல் கிடந்தால் தப்பித்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏளா, அந்த மீன்கொழம்பு முழுசையும் ஊத்து. தின்னுட்டுத் தூங்கட்டும்" என்று எனக்கு உத்தரவு போட்டாள்.

அதிகாரி வண்டியோடு வந்தபோது கேப்டன் படகு நிழலில் நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. வலையில் காக்கைகள் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன.

"இதுதான் காவலாக்கா?" என்றார் அதிகாரி.

"பச்சப்புள்ள மாதிரி சார். யாரையும் ஒண்ணும் செய்யாது" என்றாள் அத்தை பெருமையாக.

"பாத்தாலே தெரியுது. காக்காயக்கூட ஒண்ணும் செய்யல. வேல பாக்காத நாயின்னா வண்டியில ஏத்தித்தான் ஆவணும்."

அத்தைக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் வெளிறிப்போய், "ஏலே கேப்டன், எந்திரில" என்று பிடித்து உலுக்கினாள். அது வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடியது. வண்டியிலிருந்து ஒருவர் சுருக்குக் கயிற்றோடு இறங்கினார். நான் ஓடிப்போய்க் கேப்டனின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அதிகாரி எங்களையும் விரித்த வலையையும் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நெத்திலி காய்ந்துகொண்டிருந்த வலைக்குக் குறுக்கே காலைத் தூக்கி வைத்தார்.

கேப்டன் என் கையை உதறிவிட்டுப் பாய்ந்தது. காக்கைகள் சிதறிப் பறந்தன. அவருடைய பேண்ட் நுனியைக் கவ்வி, காலில் பல் படாமல், வலைக்கு வெளியே இழுத்து வந்து நிறுத்திவிட்டுத்தான் குரைத்தது. அவர் அசையவே இல்லை.

"காவல் நாய்தான். கடிக்கவும் இல்ல. ஊசியப் போட்டு லைசென்ஸ் எடுத்துருங்கக்கா. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுத்திப் போற வழியக் காமிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் வண்டியோடு போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியில் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தைக்கோ வண்டி மறைந்த பிறகுதான் வாய் வந்தது. "படிச்ச மனுசன், வலையத் தாண்டப்படாதுன்னுகூடத் தெரியலையே" என்று மாலைவரை அங்கலாய்த்தாள். நானும் அதை நம்பி, ஒன்றும் தெரியாத ஆபீசர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன். ஒன்றும் தெரியாதவர் எதற்காக ஷூவைக் கழற்றினார் என்று எனக்கு அன்று கேட்கத் தோன்றவில்லை.