கீழ் அடுக்கில் இருந்த அக்கா

போன வாரம் என் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் பழைய போட்டோ சாஃப்ட்வேர் வாயே திறக்க மாட்டேன் என்றுவிட்டது. அதன் புது வெர்ஷனை ஏற்றினேன். அது என் பழைய ஃபைல்களைப் பார்த்துவிட்டு, "புது முறைக்கு மாற்றலாமா? அடுக்குகள் ஒன்றாகிவிடும்" என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று அழுத்தினேன். வாசிக்காமல் சம்மதம் சொல்வதில் நான் கெட்டிக்காரன். என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது.

மிஷின் சூடேறி, தூசி கருகும் வாசம் வந்தது. அந்த வாசம் வந்தாலே அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகணும், கோயில் மாதிரி. நான்தான் பூசாரி. கறுப்பாக வருகிறவர்களை வெளுப்பாக அனுப்புவது என் பூசை. எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும், கருவேல மரமே நிழல் தேடும். அதில் பருத்தி எடுத்த முகங்களையெல்லாம் ரோஸ் நிறமாக்கினேன். "தம்பி, இன்னொரு கை வெளுத்து விடுங்க" என்பார்கள், சுண்ணாம்பு அடிக்கிறவனிடம் சொல்வதுபோல. விட்டிருந்தால் தாலுகாவையே காஷ்மீராக்கியிருப்பேன்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவள் படத்துக்கு நாலு கை போட்டேன். தம்பி இல்லையா. பந்தல்குடியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, காப்பியோடு வந்த அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருந்த பொண்ணு உள்ள இருக்கா?" என்று கேட்டார். அவர்கள் வந்த வேன் சத்தம் அடங்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினாள்: "ஏலே, என்னைய அழிச்சிட்டு எவளையோ வரஞ்சு வச்சிருக்கியே."

பிறகு திருச்சுழிக்காரர் ஒருவர் நேரில் பார்த்தே அவளைக் கட்டிக்கொண்டார். எனக்குப் புத்தி வந்ததா? கல்யாண ஆல்பத்தை முழுக்க வெளுத்தேன். வெளுக்காத படங்கள் இருந்த கேமரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போனேன். அக்காவின் ஓட்டர் ஐடியில் இருப்பது முகமே இல்லை, கரிப்புகை. தன் மகளுக்கு மூன்று வயதானபோது அக்கா காய்ச்சலில் போய்விட்டாள்.

அந்த மகள் இப்போது மதுரையில் காலேஜ் படிக்கிறாள். நல்ல கறுப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நான் அம்மா மாதிரியே இருக்கேன்னு அப்பா சொல்றாக. எந்தப் போட்டோவுலயும் அப்பிடி இல்லையே? சும்மா சொல்றாகளா?"

"ஒண்ணு இருக்கு தாயி, உக்காரு" என்றேன். பெண் பார்க்க அனுப்பிய அந்தப் படத்தில் என் வெளுப்பெல்லாம் மேல் அடுக்கில்தான். அதைத் தூக்கினால் கீழே அக்கா இருப்பாள், கன்னத்து அம்மைத் தழும்போடு. ஸ்டுடியோவை மூடியபோது நான் எடுத்துவந்த ஒரே ஹார்டு டிஸ்க்கில் அது இருந்தது; அந்த டிஸ்க் இந்த மிஷினுக்குள்ளேதான் இருக்கிறது. திறந்தேன். ஒரே அடுக்கு. ரோஸ் நிறத்தில் எவளோ ஒருத்தி சிரித்தாள். போன வாரம் நான் அழுத்திய 'ஆம்' அப்போதுதான் உறைத்தது.

"சத்தியமா உன் நிறந்தான் தாயி, உங்கம்மா."

"போங்க மாமா. ஆளுக்குப் பிடிச்ச கலரக் குடுக்குறவுகதான நீங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள். கண் சிரிக்கவில்லை. சாப்பிடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எடுக்கும்போதே முகத்தை வெளுத்துவிடும் போன்கள் விற்கிறார்கள். கீழ் அடுக்கு என்ற பேச்சே இல்லை. என் கை வழியாகப் போன முகங்கள் எத்தனையோ. அதில் ஒருவர் நிறத்தையாவது காட்டு என்று கேட்டால், காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.